எப்போதாவது பறப்பவருக்கு எந்தப் பெட்டி?

கேள்வி இது: "வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவைதான் விமானத்தில் போகிறேன். போன பயணத்தில் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்துவிட்டது. அதிகம் செலவழிக்காமல், பத்து வருடமாவது தாங்குகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும். கெட்டிப் பெட்டியா, துணிப் பெட்டியா? இரண்டு சக்கரமா, நான்கா? பெரிய பிராண்டாகத்தான் பார்க்க வேண்டுமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவில், துணியாலான, இரண்டு சக்கரப் பெட்டி. சக்கரம் ஸ்க்ரூ போட்டு மாட்டியதாக இருக்க வேண்டும். ஜிப் தடிமனாக இருக்க வேண்டும். பிராண்டை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காரணங்கள் கொஞ்சம் நீளமானவை. ஆனால் அவை புரிந்துவிட்டால், எந்தக் கடையில் எந்தப் பெட்டியை உங்கள் முன் வைத்தாலும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

நான் பல வருடம் பயணப் பெட்டிகளைப் பழுது பார்த்தவன். என் மேசைக்கு வந்த பெட்டிகளில் உடம்பு கிழிந்தோ ஓடு பிளந்தோ வந்தவை குறைவு. சக்கரம், இழுக்கும் கைப்பிடி, ஜிப் என்று மூன்றில் ஒன்றுதான் போயிருக்கும். மற்றதெல்லாம் புதிதுபோலவே இருக்கும். வாங்குகிறவர்கள் கடையில் நிறத்தையும் ஓட்டின் பளபளப்பையும் உள்ளே எத்தனை அறை என்பதையும் பார்க்கிறார்கள். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பணம் வீணாவது அங்கேதான்.

செக்-இன் கவுன்டரில் விட்ட பிறகு பெட்டிக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெல்டிலிருந்து இன்னொரு பெல்டுக்குச் சரிந்து விழுகிறது. பிரியும் இடங்களில் ஒரு இயந்திரக் கை அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. போயிங் 737 போன்ற ஒல்லியான விமானங்களில் பெட்டிகளைக் கையால்தான் அடுக்குகிறார்கள். அந்த அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டி போட்டபடி, இருபது கிலோ பெட்டியை ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, உள்ளே தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி வைக்கிறார்கள். பெரிய விமானங்களில் பெட்டிகள் உலோகக் கூண்டுகளுக்குள் அடுக்கப்பட்டு அப்படியே ஏற்றப்படும். அங்கே அடி கொஞ்சம் குறைவு. இந்த வழி முழுக்க, பெட்டியின் உடம்பிலிருந்து எது வெளியே துருத்திக்கொண்டு இருக்கிறதோ அதுதான் முதலில் மோதும், முதலில் உடையும்.

துருத்திக்கொண்டு இருப்பது எது? நான்கு சக்கரப் பெட்டியின் சக்கரங்கள்.

பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம் என்ற யோசனையே அவ்வளவு பழையது இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ என்பவர் சக்கரம் வைத்த பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1972இல். அதை ஒரு பட்டையால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். நிமிர்த்தி, நீளக் கைப்பிடியைப் பிடித்து, சாய்த்து இழுக்கும் இரண்டு சக்கரப் பெட்டியை ராபர்ட் பிளாத் என்ற விமானி 1987இல் கொண்டுவந்தார். எல்லாப் பக்கமும் சுழலும் நான்கு சக்கரம் பரவலானது அதற்கும் பின்னால். அது வந்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிடிக்காமல் என்ன? வழுக்கும் தரையில் ஒரு விரலால் தள்ளினால் போதும், கூடவே நடந்து வரும்.

ஆனால் அமைப்பைப் பாருங்கள். இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரத்தின் பாதிக்கு மேல் பெட்டியின் மூலைக்குள் புதைந்திருக்கும். அதன் அச்சு இரண்டு பக்கமும் தாங்கலில் உட்கார்ந்திருக்கும். நான்கு சக்கரப் பெட்டியிலோ ஒவ்வொரு சக்கரமும் ஒரு சிறிய ஊசித் தண்டின் நுனியில் தொங்கிக்கொண்டு, பெட்டிக்குக் கீழே நாலைந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டி ஒரு மூலையில் விழுந்தால் மொத்த எடையும் அந்தத் தண்டின்மேல் இறங்கும். கல் பதித்த தெருவில் அரை கிலோமீட்டர் இழுத்தாலும் ஒவ்வொரு இடுக்கிலும் அது மாட்டித் திரும்பும். உங்கள் சக்கரம் போனதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தவிர, சக்கரங்கள் வெளியே இருப்பதால் அதே வெளியளவில் உள்ளே கிடைக்கும் இடமும் குறைகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தோளிலோ மணிக்கட்டிலோ வலி இருப்பவர்கள், வயதானவர்கள், சாய்த்து இழுக்கச் சிரமப்படுகிறவர்கள் தயங்காமல் நான்கு சக்கரமே வாங்குங்கள். உடம்புதான் முக்கியம், சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் ஒவ்வொரு மூலையிலும் ஜோடிச் சக்கரம் இருப்பதாகப் பாருங்கள். பாரம் பிரிந்து இறங்கும்.

கடையில் பெட்டியைப் படுக்கப் போட்டு, அடிப்பக்கம் தெரியும்படி திருப்புங்கள். சக்கரத்தைச் சுண்டிவிடுங்கள். நல்ல பேரிங் இருந்தால் சத்தமில்லாமல் சில விநாடி சுற்றும். கரகரவென்று ஒலித்து உடனே நின்றால், பிளாஸ்டிக் சக்கரம் நேராக இரும்புக் கம்பியில் தேய்கிறது என்று அர்த்தம். பிறகு சக்கரத்தை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். புதுப் பெட்டியிலேயே ஆட்டம் இருந்தால் வேண்டாம். கடைசியாக, சக்கரத்தின் கூடு பெட்டியோடு எதனால் இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்க்ரூ தலை தெரிந்தால் நல்லது. நாளைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நீங்களே மாற்றிவிடலாம். வழவழப்பான உருண்டைத் தலை தெரிந்தால் அது ரிவெட். அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். செய்ய முடியும், ஆனால் கருவியும் ஆளும் வேண்டும். சில பெட்டிகளில் ஸ்க்ரூ உள்பக்கம், லைனிங் துணிக்குப் பின்னால் இருக்கும். லைனிங்கில் ஒரு ஜிப் வைத்து, உள்ளே கை விட்டுப் பார்க்கும்படி செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால், செய்தவர்களே பழுதுபார்ப்பதை யோசித்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய நம்பிக்கை தரும் அடையாளம்.

அடுத்தது இழுக்கும் கைப்பிடி. முழுசாக வெளியே இழுத்து, இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஒரேயடியாக விறைப்பாக இருந்தால் வளைவதற்கு இடமில்லாமல் ஒடிந்துவிடும். ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது. பொத்தானைப் பத்து முறை அழுத்தி ஏற்றி இறக்குங்கள். ஒரு முறைகூடச் சிக்கக் கூடாது. கைப்பிடியை வெளியே நீட்டியபடியே யாரும் செக்-இன் செய்துவிடாதீர்கள். குழாய் வளைந்து உள்ளே போக மறுக்கும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மேல்பக்கமும் பக்கவாட்டிலும் இருக்கும் தூக்கும் கைப்பிடிகளையும் மறக்க வேண்டாம். உண்மையில் பெட்டியைத் தூக்கிப் போடுகிறவர்கள் பிடிப்பது அவற்றைத்தான். வெறும் தையலில் நிற்கிறதா, அடியில் ஒரு தகடு வைத்து இறுக்கியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜிப் பற்றி ஒரு விஷயத்தை நேரில் காட்டினால்தான் நம்புவார்கள். பூட்டிய பெட்டி ஒன்றை எடுத்து, சாதாரண பால்பாயின்ட் பேனாவின் முனையை ஜிப்பின் இரண்டு வரிசைக்கு நடுவில் வைத்து அழுத்துவேன். சுருள் வகை ஜிப் (தனித்தனிப் பல் இல்லாமல், ஒரே இழையைச் சுருளாகச் சுற்றித் தைத்தது) என்றால் 'டப்' என்று வாய் பிளந்துவிடும். கையை விட்டு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்புறம் பூட்டோடு சேர்த்து இரண்டு ரன்னரையும், அதாவது ஜிப்பைத் திறந்து மூட நாம் இழுக்கும் துண்டுகளை, ஒரு சுற்று நகர்த்தினால் ஜிப் மறுபடி மூடிக்கொள்ளும். திறந்ததற்கான தடமே இருக்காது. பார்த்தவர்கள் முகம் மாறிவிடும். இதனால்தான் நகை, மருந்து, சான்றிதழ், கேமரா எதையும் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள் என்கிறேன். எவ்வளவு விலையுள்ள பூட்டும் ஜிப்பை மீறி உங்களைக் காப்பாற்றாது.

பயந்துபோய்ச் சுருள் ஜிப்பே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். துணிப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் இதுதான். மூலைகளில் நன்றாக வளைந்து கொடுக்கும். நடுவில் பிரிந்தாலும் ரன்னரை ஓட்டினால் சேர்ந்துகொள்ளும். தனித்தனிப் பல் வைத்த ஜிப் பேனாவுக்கு அசையாது, ஆனால் ஒரு பல் போனால் மொத்த ஜிப்பையும் மாற்ற வேண்டியதுதான். ஜிப்பின் அளவை 5, 8, 10 என்ற எண்களில் சொல்வார்கள். மூடிய நிலையில் பல் வரிசையின் அகலம், மில்லிமீட்டரில், ஏறத்தாழ அந்த எண். பெட்டியின் பிரதான வாய்க்கு 8 அல்லது 10 வேண்டும். 5ஆம் எண் வெளிப்பைகளுக்குப் போதும். ஒய்கேகே என்ற எழுத்து ரன்னரில் பொறித்திருந்தால் நல்லதுதான்; ஜப்பானில் 1934இல் தொடங்கிய நிறுவனம், ஜிப்பில் நம்பகமான பெயர். ஜிப் 'போச்சு' என்று கொண்டுவரும் பெட்டிகள் பலவற்றில் ஜிப் நன்றாகவே இருக்கும். ரன்னரின் வாய்தான் தேய்ந்து அகன்றிருக்கும். குறடால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் பின்பகுதியில் மெதுவாக அழுத்தினால் மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிடும். மேலே உட்கார்ந்து மூடுகிற அளவுக்குத் திணிப்பதுதான் இந்த வாயை அகற்றுவது.

இப்போது உடம்பு. கெட்டிப் பெட்டிகளில் மூன்று பிளாஸ்டிக் அதிகம் புழங்குகிறது. ஏபிஎஸ் மலிவானது, விறைப்பானது. ஓங்கி அடிபட்டால், குறிப்பாகக் குளிரில், மூலையில் விரிசல் விடும். பாலிகார்பனேட் விலை கூடியது. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வெளியே வரும். பாலிபுரொப்பிலீன் இரண்டுக்கும் நடுவில், எடை குறைவு. ஷாம்பு பாட்டிலின் மடக்கு மூடியை ஆயிரம் தடவை திறந்து மூடினாலும் அந்த மெல்லிய கீல் அறுவதில்லையே, பெரும்பாலும் அது இந்தப் பிளாஸ்டிக்தான். கடையில் பெட்டியின் நடுப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். குழிந்து சட்டென்று நிமிர்ந்தால் நல்லது. கல்போல அசையாமல் இருப்பதைப் பலர் உறுதி என்று நினைக்கிறார்கள். வளையத் தெரியாத ஓடுதான் பிளக்கும்.

துணிப் பெட்டியில் டெனியர் என்று ஒரு எண் எழுதியிருக்கும். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1680 டெனியர் என்றால் அவ்வளவு தடித்த நூல். ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அதே டெனியரில் நைலான், பாலியெஸ்டரைவிட வலுவானது. நெசவின் நெருக்கமும் உள்பூச்சும்கூடக் கணக்கில் வரும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நூல் விலகி இடைவெளி தெரிந்தால் நெசவு தளர்வு. அடிப்பக்க மூலைகளில் பிளாஸ்டிக் காப்பு இருக்க வேண்டும். துணி முதலில் தேய்வது அங்கேதான்.

நான் துணிப் பெட்டியைச் சொல்வதற்குக் காரணம், அது அடியை வாங்கிக்கொண்டு அமுங்கும், கிழிந்தால் தைக்கலாம், ஒட்டுப்போடலாம். பிளந்த ஓட்டை ஒட்டினால் அடுத்த பயணம்வரைகூட வருமா என்பது சந்தேகம். இன்னொன்று, ஒரு பக்கமாகத் திறக்கும் துணிப் பெட்டியை நெருக்கமான அறையில் சுவரோரம் வைத்துத் திறக்கலாம். புத்தகம்போல நடுவில் பிளந்து திறக்கும் கெட்டிப் பெட்டிக்குத் தரையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். மழையில் துணிப் பெட்டி நனையும் என்பது உண்மை. விமானத்தில் ஏற்றுவதற்காக வண்டியில் காத்திருக்கும்போது நனைந்து ஊறிய பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். உடைகளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தால் சரியாகிவிடும். உடையக்கூடிய பொருளை அடிக்கடி கொண்டுபோகிறவர் என்றால் மட்டும் பாலிகார்பனேட் அல்லது பாலிபுரொப்பிலீன் பக்கம் போங்கள்.

அளவைப் பற்றி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது செக்-இன் பெட்டிக்குப் பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு. எகானமியில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது பரவலான அளவு. 32 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பெட்டியைப் பொதுவாக எடுக்கவே மாட்டார்கள். தூக்குகிறவர்களின் முதுகைக் காப்பதற்கான வரம்பு அது. கைப்பெட்டிக்கு 55 × 40 × 20 செ.மீ. அடிக்கடி காணும் அளவு. சிலர் இன்னும் கொஞ்சம் விடுவார்கள், பலர் எடையை 7 கிலோவில் நிறுத்திவிடுவார்கள். இந்த அளவுகளில் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்திதான். கடைச் சீட்டில் எழுதியிருப்பது சில சமயம் ஓட்டின் அளவு மட்டுமே. டேப்பைக் கொண்டுபோய் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

மிகப் பெரிய பெட்டியை வாங்காதீர்கள். 75 சென்டிமீட்டர் உயரப் பெட்டி இருந்தால் அதை நிரப்பாமல் இருக்க மனசு வராது. நிரப்பினால் 23 கிலோ தாண்டும். கூடுதல் எடைக்கு ஒருமுறை கட்டும் பணத்தில் நல்ல சக்கரம் வைத்த பெட்டியே வாங்கியிருக்கலாம். 65 முதல் 68 வரையிலான உயரம் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்குத் தாராளம். காலிப் பெட்டியின் எடையையும் கேளுங்கள். ஐந்து கிலோ பெட்டி வாங்கினால் உங்கள் 23இல் ஐந்து முதலிலேயே போய்விட்டது. கைப்பெட்டியில் இது இன்னும் உறைக்கும், 7 கிலோவில் மூன்று கிலோ பெட்டியே தின்றுவிடும்.

பூட்டு என்றால், ஜிப் தானாக நகர்ந்து திறக்காமல் இருக்க ஒரு சிறிய பூட்டு போதும். டிஎஸ்ஏ பூட்டு என்று வருவதை அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் பொதுச் சாவியால் திறந்து சோதிப்பார்கள். உடைக்காமல் திறப்பார்கள் என்பதுதான் அதன் பலன். பேட்டரி, சார்ஜர் வைத்த 'ஸ்மார்ட்' பெட்டிகளுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். பேட்டரியைக் கழற்ற முடியாத பெட்டிகளை 2018 முதலே பெரிய நிறுவனங்கள் பல ஏற்பதில்லை.

எப்போதாவது பயணம் செய்பவருக்கு இன்னொரு எதிரி உண்டு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் பெட்டி வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாள் பரணில்தான் கிடக்கிறது. ஒருமுறை ஒருவர் ஏழெட்டு வருடத்துக்கு முன் வாங்கிய பெட்டியைக் கொண்டுவந்தார். மூன்றே பயணம், வெளியே ஒரு கீறல்கூட இல்லை. சக்கரத்தைத் தொட்டதும் மேல்பூச்சு கருப்புத் துகளாக என் கையோடு வந்துவிட்டது. கைப்பிடியின் மென்மையான உறை பசைபோல விரலில் ஒட்டியது. உள்பூச்சு செதில் செதிலாக உரிந்து துணிகளில் படிந்திருந்தது. பாலியூரிதேன் என்ற பொருள் காற்றின் ஈரத்தோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து இப்படிச் சிதையும். வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். கூரைக்குக் கீழே உள்ள சூடான பரண் இதற்கு மிக மோசமான இடம். அலமாரியின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ, காய்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பயணம் முடிந்து வந்ததும் ஈரம் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, சக்கரத்தை உருட்டி, ஜிப்பை ஓட்டிப் பாருங்கள். இதே காரணத்துக்காகத்தான், கைப்பிடியில் ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு இருக்கும் பெட்டியைவிட வெறும் பிளாஸ்டிக் கைப்பிடியை நான் தேர்ந்தெடுப்பேன்.

பிராண்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று சொல்லவில்லை. உதிரி பாகம் கிடைக்குமா, பழுதுபார்க்க இடம் உண்டா என்று கேட்டு, 'உண்டு' என்று வந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு வாங்க வேண்டாம். உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள். விமான நிறுவனம் ஏற்படுத்திய சேதம் பல சீட்டுகளில் அடங்காது. பிறகு எது அடங்கும் என்று பார்த்தால் தையல் விட்டது மாதிரி சிலதுதான் மிஞ்சும்.

பெட்டி உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் லக்கேஜ் கவுன்டரில் எழுத்தில் பதிந்து, அந்தத் தாளின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999ஆம் வருட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்தைப் பற்றிப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். பெட்டியின் சொந்தக் குறையால் உடைந்தது என்றால் அவர்கள் பொறுப்பில்லை. சக்கரம், கைப்பிடியை 'இயல்பான தேய்மானம்' என்று தள்ளிவிடப் பார்ப்பதும் உண்டு. அதனால் பெட்டியைக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும், அடிப்பக்கமும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய பயணச் சீட்டு ஒட்டிகளையும் அப்போதே கிழித்துவிடுங்கள். இயந்திரம் பழைய பார்கோடைப் படித்துவிட்டால் பெட்டி வேறு பக்கம் போக வாய்ப்பு உண்டு.

கடைசியாக, சக்கரம் உடைந்த உங்கள் பழைய பெட்டி. அதை இன்னும் தூக்கிப் போடாமல் இருந்தால் இப்போதே திருப்பிப் பாருங்கள். ஜிப்பும் கைப்பிடியும் நன்றாக இருந்து, சக்கரக் கூட்டில் ஸ்க்ரூ தெரிந்தால் புதுப் பெட்டி வாங்க வேண்டியதே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். கூட்டோடு மாற்றுவதானால் ஸ்க்ரூ துளைகளுக்கு இடையிலான தூரமும் வேண்டும். ஒன்றுதான் உடைந்தது என்றாலும் ஜோடியாகவே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெட்டி ஒரு பக்கமாக இழுக்கும். புதுச் சக்கரம் மாட்டியதும் பெட்டியில் பதினைந்து கிலோ வைத்து வீட்டுக்குள் நாலு சுற்று இழுத்துப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூக்களை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.